காசுக்கேத்த டயர்!

உங்க மொபைல்ல ரேம் எவ்வளவு? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் டாண்ணு சொல்வீங்க. இதுவரைக்கும் எத்தனை அரியர்? சரி, அது வேணாம் விடுங்க! உங்க வீட்டு காரோட டயர் சைஸ் என்ன?

கப்சிப்!

தப்பில்லை பாஸ். டயர் வாங்கறது அப்பா டிபார்ட்மென்ட்னுதான் நாம எல்லாருமே நினைச்சுட்டு இருக்கோம். ஆனா, 'நீதான் எப்பப் பார்த்தாலும் போனை நோண்டிட்டு இருக்கியே... நாலு கடையில டயர் விலை கேட்டுச் சொல்லு' என்று அந்தப் பொறுப்பு நம்ம தலையில் விழும் காலம் இது. சில வீடுகளில் அந்த கார்தான் சோறு போடும். அப்பா டாக்ஸி ஓட்டுவார். அங்கே நாலு டயர் மாத்தும் செலவு, உங்க செமஸ்டர் ஃபீஸுக்குப் போட்டியாக வந்து நிற்கும்.

ரங்கநாதன் தெருவில் 200 ரூபாய் டி-ஷர்ட்டுக்கு அரை மணி நேரம் பேரம் பேசும் நாம், ஆயிரக்கணக்கில் காசு போடும் டயருக்கு முதல் கடையிலேயே 'சரிண்ணே, மாட்டிடுங்க' என்று தலையாட்டலாமா? ஆட்டக் கூடாது! அதே சமயம், 'யார் கம்மியா சொல்றாங்களோ அங்கேயே முடிச்சிடு' என்பதும் டேஞ்சர். குறைஞ்ச விலையும் நல்ல விலையும் ஒண்ணு இல்லை. எப்படின்னு பார்ப்போமா?

உள்ளங்கை அளவுதான்!

ஒரு சின்ன கார்ல அஞ்சு பேர் ஏறினா மொத்த எடை ஒரு டன்னைத் தாண்டிடும். அவ்வளவு எடையும் ரோட்டைத் தொடுவது எங்கே? ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய உங்க உள்ளங்கை அளவு இடம். நாலு உள்ளங்கை... அவ்வளவுதான் மொத்த காரும்! பிரேக், ஸ்டீயரிங், இன்ஜின் எல்லாமே அந்த நாலு உள்ளங்கை வழியாகத்தான் ரோட்டோட பேசும்.

மழை நாளில் ரோட்டில் தேங்கும் தண்ணியை வெளியே தள்ளத்தான் டயரில் அந்தக் கோடுகளும் பட்டன்களும். பட்டன் தேய்ஞ்சு மொட்டையான டயர், தண்ணியைத் தள்ள முடியாமல் அதன் மேலேயே சறுக்கிக்கொண்டு போகும். அப்போ பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் பலன் ரொம்பக் கம்மி. அதனால டயரில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயையும், 'இது பேரத்துல வந்ததா, பாதுகாப்புல வெட்டினதா?' என்று கேட்டே ஆகணும்.

முதல் வேலை: பழைய டயரைப் படிங்க

கடைக்கு போன் போடறதுக்கு முன்னாடி, குனிஞ்சு பழைய டயரைப் பாருங்க. கோடுகளுக்கு நடுவே பள்ளத்தில் சின்னச் சின்ன மேடு இருக்கும். தேய்மானத்தைக் காட்டும் குறி அது. பட்டனும் அந்த மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துட்டா டயரோட கதை முடிஞ்சது. கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. அந்த மேடு நிற்பதும் அதே 1.6-இல்தான்.

எங்கே தேய்ஞ்சிருக்கு என்பதும் ஒரு ஜாதகம்தான். ரெண்டு ஓரமும் தேய்ஞ்சிருந்தா காத்து குறைவா ஓட்டியிருக்கீங்க. நடுவில் மட்டும் தேய்ஞ்சிருந்தா காத்து அதிகம். ஒரே பக்கம் வழுக்கையா? வீல் அலைன்மென்ட் கோணல். இதைச் சரி பண்ணாமல் புது டயர் போட்டால், அதுவும் இதே மாதிரிதான் தேயும். பல பேர் காசை இழப்பது கடைக்காரர் கிட்ட இல்லை... இங்கேதான்!

அந்த நம்பருக்கு அர்த்தம் என்ன?

டயர் பக்கவாட்டில் ஒரு நம்பர் இருக்கும். உதாரணமா, பல சின்ன கார்களில் வரும் 145/80 ஆர்12 74டி. ஏதோ எக்ஸாம் ஹால் டிக்கெட் நம்பர் மாதிரி இருக்கும். பிரிச்சுப் பார்த்தா ரொம்ப ஈஸி.

145 - டயரின் அகலம், மில்லிமீட்டரில்.

80 - பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவிகிதம்.

ஆர் - ரேடியல் டயர்.

12 - உள்ளே உட்காரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

74 - ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. 74 என்றால் 375 கிலோ.

டி - தாங்கும் உச்ச வேகம். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர். (உடனே ஓட்டிப் பார்க்கக் கிளம்பிடாதீங்க!)

இந்த ஆறு விஷயத்தையும் அப்படியே எழுதிக்கோங்க. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கார் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரில் சரியான சைஸும் காத்து அளவும் இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஏன்னா, முன்னாடி காரை வெச்சிருந்தவர் ஸ்டைலுக்காக வேற சைஸ் மாட்டியிருக்கலாம்.

இவ்வளவு விவரமும் இல்லாமல், 'அண்ணே, ஆல்டோவுக்கு டயர் எவ்வளவு?' என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு விலை சொல்வாங்க. ஒருத்தர் ட்யூப் போட்ட டயருக்குச் சொல்வார், ஒருத்தர் ட்யூப்லெஸ்ஸுக்கு. ஒருத்தர் ஒரு மாடலுக்கு, இன்னொருத்தர் அதே கம்பெனியின் வேற மாடலுக்கு. ஆப்பிளையும் அன்னாசியையும் தராசில் வெச்சுட்டு, 'இந்தக் கடை சீப்'னு முடிவு பண்ணா எப்படி?

பிறந்த தேதி ப்ளீஸ்!

கத்தரிக்காய் வாங்கும்போது அம்மா என்ன பண்றாங்க? திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பு வாடியிருக்கான்னு கிள்ளிப் பார்ப்பாங்க. டயருக்கும் காம்பு உண்டு. பக்கவாட்டில் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். உதாரணமா 3224. அப்படின்னா 2024-ஆம் வருஷத்தின் 32-ஆவது வாரத்தில் பிறந்த டயர். முதல் ரெண்டு இலக்கம் வாரம், கடைசி ரெண்டு வருஷம்.

ரப்பருக்கும் வயசாகும். ஓடாமல் கடை மூலையில் கிடந்தாலும், வெயிலும் சூடும் பட்டு இறுகும். நாள்பட்டால் மெல்லிசாக வெடிப்பு விடும். அஞ்சு வருஷம் ஓடிய டயரை வருஷா வருஷம் ஆள் வெச்சு செக் பண்ணணும், பட்டன் நல்லா இருந்தாலும் பிறந்து பத்து வருஷத்துக்கு மேல ஓட்டக் கூடாது என்பது டயர் கம்பெனிகள் சொல்லும் பொதுவான அறிவுரை.

'இன்னிக்கு ஆஃபர், சூப்பர் டிஸ்கவுன்ட்!' என்று ஒரு கடை மட்டும் ரொம்ப இறங்கி வந்தா, முதல்ல அந்த நாலு இலக்கத்தைத் தேடுங்க. ரெண்டு மூணு வருஷமா விற்காமல் கிடந்த சரக்காக இருக்கலாம். அது குப்பை என்று அர்த்தம் இல்லை. ஆனா புது டயர் விலை கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. முடிஞ்சவரை ஆறு மாசத்துக்குள் பிறந்ததைக் கேளுங்க. நாலு டயரும் ஏறக்குறைய ஒரே வயசில் இருந்தா இன்னும் நல்லது.

இன்னொண்ணு... ஐ.எஸ்.ஐ. முத்திரை. இந்தியாவில் விற்கும் புது கார் டயரில் அது கட்டாயம். இல்லைன்னா அந்தக் கடைக்கு ஒரு கும்பிடு!

போனை எடுங்க... பேசுங்க!

ஒரு பேப்பரில் கட்டம் போடுங்க. குறைஞ்சது அஞ்சு கடை. கம்பெனி டீலர் ரெண்டு, எல்லா பிராண்டும் வெச்சிருக்கும் கடை ரெண்டு, ஆன்லைன் விலை ஒண்ணு. சென்னை என்றால் கார் சாமான்களுக்கே பேர் போன ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாம். மத்த ஊர்களில் பஸ் ஸ்டாண்டு பக்கமோ பைபாஸ் ஓரமோ வரிசையா டயர் கடை இருக்கும்.

பேச்சு இப்படி இருக்கட்டும்...

'அண்ணே வணக்கம். 145/80 ஆர்12, ட்யூப்லெஸ். உங்ககிட்ட எந்தெந்த கம்பெனி இருக்கு? நாலு டயர் வேணும்.'

'இருக்கு தம்பி, கடைக்கு வாங்க, பார்த்துப் பண்ணித் தரேன்.'

இந்த 'பார்த்துப் பண்ணித் தரேன்'ல ஏமாறாதீங்க!

'கண்டிப்பா வரேண்ணே. வீட்ல விலை சொல்லணும், அதான். மாட்டி, பேலன்சிங் பண்ணி, புது வால்வு போட்டு, அலைன்மென்ட் பார்த்து, ஜி.எஸ்.டி. பில்லோட மொத்தம் எவ்வளவு வரும்? டயர் எந்த வருஷம், எந்த வாரம்? பழைய டயரை எடுத்துக்கிட்டா எவ்வளவு கழிப்பீங்க?'

இப்படிக் கேட்டா எதிர்முனையில் ரெண்டு செகண்ட் அமைதி நிலவும். 'பையன் விவரமானவன்' என்று புரிஞ்சுடும். அதுக்கு அப்புறம் வரும் விலையே வேற!

கணக்கு டீச்சர் ஆகுங்க

ஒரு உதாரணக் கணக்கு. முதல் கடை ஒரு டயருக்கு 3,000 ரூபாய் சொல்றார். ரெண்டாவது கடை 3,150. முதல் கடைதான் சீப்! அப்படித்தானே? இருங்க...

முதல் கடையில் மாட்டுக்கூலி, வால்வு, பேலன்சிங் எல்லாம் சேர்த்து டயருக்கு 200 ரூபாய் தனி. அலைன்மென்ட் 500 தனி. பழைய டயருக்கு ஒண்ணும் கிடையாது. மொத்தம் 13,300. ரெண்டாவது கடையில் மாட்டறது, வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் உள்ளடக்கம். பழைய டயருக்கு 400 ரூபாய் கழிவு வேற. மொத்தம் 12,200. 'காஸ்ட்லி' கடையில் 1,100 ரூபாய் மிச்சம்!

பேலன்சிங்கில் ஒரு சூட்சுமம் இருக்கு. வீல் சமமா சுத்தறதுக்காக ரிம்மில் சின்னச் சின்ன எடைக்கட்டி ஒட்டுவாங்க. அதுக்கு கிராம் கணக்கில் காசு வாங்கும் கடைகள் உண்டு. தங்கமா என்ன? 'எடைக்கட்டி தனியா, சேர்த்தா?' என்று முன்னாடியே கேட்டுடுங்க. அடுத்தது நைட்ரஜன். நாம சுவாசிக்கும் காத்துலயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். சும்மா அடிச்சுக் குடுத்தா சந்தோஷம். காசு கேட்டா, சாதாரண காத்தே போதும். ஆனா அதை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மறக்காமல் செக் பண்ணணும்.

வரியையும் தெரிஞ்சுக்கோங்க. 2025 செப்டம்பர் 22 முதல் புது கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைஞ்சது. வரிக்கு முன் 2,500 ரூபாய் டயர் என்றால் பழைய வரியில் 3,200, புது வரியில் 2,950. டயருக்கு 250 ரூபாய் வித்தியாசம். பழைய விலைப்பட்டியலைப் பார்த்து யாராவது விலை சொன்னா, பில்லில் வரி எத்தனை சதவிகிதம்னு மெதுவா கேளுங்க.

கடைசியா, கிலோமீட்டர் கணக்கு. 3,000 ரூபாய் டயர் 30,000 கிலோமீட்டர் ஓடினா, கிலோமீட்டருக்கு 10 பைசா. 3,600 ரூபாய் டயர் 45,000 ஓடினா 8 பைசா. எது மலிவு? இதில் கம்பெனி விளம்பரத்தை நம்ப வேண்டாம். உங்க தெருவில் அதே கார் வெச்சிருக்கும் டாக்ஸி டிரைவர் அண்ணனைக் கேளுங்க. எந்த டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு, எது மழையில சறுக்குச்சுன்னு புட்டுப்புட்டு வைப்பார். காசுக்கேத்த தோசை எங்கே கிடைக்கும்னு தினமும் அதே ரோட்டில் ஓட்டறவருக்குத்தானே தெரியும்!

பேரம் ஒரு கலை

இப்போ கையில் அஞ்சு விலை இருக்கு. மனசுக்குப் பிடிச்ச கடைக்கு நேரில் போங்க. அது பக்கத்துக் கடையா இருந்தா ரொம்ப நல்லது. நாளைக்கு ஏதாவது பிரச்னை என்றால் அவரிடம்தானே போகப் போறோம்?

'அண்ணே, இன்னொரு கடையில இதே மாடல், இதே வருஷம், இந்த விலை சொல்றாங்க. நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் வந்தேன்.' இது போதும். இல்லாத விலையைச் சொல்லிக் கதை விடாதீங்க. தினமும் டயர் விற்கிறவர், உங்க முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவார்! விலை இறங்கலையா? விடுங்க. 'அலைன்மென்ட் ஃப்ரீயா பண்ணுங்க, 8,000 கிலோமீட்டர்ல டயர் இடம் மாத்தறதும் உங்க கணக்குல வெச்சுக்கோங்க' என்று கேளுங்க. ரூபாய்க் குறைப்புக்கு மறுக்கும் கடைக்காரர்கூட வேலைக்குச் சம்மதிக்கலாம். நாலு டயர் மொத்தமா வாங்கறப்போ உங்க வார்த்தைக்கு வெயிட் அதிகம்.

வேண்டாம் விபரீதம்!

எங்கே பேரமே பேசக் கூடாது, அப்படியே திரும்பி வந்துடணும்?

பில் இல்லாத விலை: 'பில் வேணாம்னா குறைச்சுக்கலாம் தம்பி' என்பார்கள். தயாரிப்புக் குறை என்று டயர் ஒரு பக்கம் புடைச்சுக்கிட்டு வந்தா, பில் இல்லாமல் வாரண்டி கேட்க முடியாது. பில்லில் டயரின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்க. வாரண்டி என்றால் முழுசா புது டயர் கொடுப்பாங்கன்னும் நினைக்காதீங்க. பெரும்பாலும் தேய்ஞ்ச அளவுக்குக் கழிச்சுக்கிட்டு மீதியைத்தான் தருவாங்க.

பளபளக்கும் பழசு: தேய்ஞ்ச டயரில் கத்தி வெச்சுக் கோடு வெட்டி, கறுப்பு பாலிஷ் போட்டு அடிமாட்டு விலைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. வெட்டிய பள்ளத்துக்குக் கீழே ரப்பர் எவ்வளவு மிச்சம்? சில சமயம் கம்பிதான்! மே மாச வெயிலில், பைபாஸில், குடும்பத்தோட போகும்போது அது வெடித்தால்... மிச்சம் பிடிச்ச காசை வெச்சு என்ன பண்ண?

கழட்டிய புதுசு: புது கார் வாங்கியவர்கள் அலாய் வீல் மாத்தும்போது கழட்டிப் போட்ட டயர் சில கடைகளில் கிடைக்கும். இது நிஜமாவே நல்ல சரக்காக இருக்கலாம். ஆனா பிறந்த தேதி, பஞ்சர் ஒட்டு, பக்கவாட்டில் அடி, எல்லாம் பார்த்த பிறகுதான் காசு. வாரண்டி கிடைக்காது என்பதையும் விலையில் கழிச்சுக்கோங்க.

எடை, வேகக் குறியீடு குறைஞ்ச டயர்: கார் கம்பெனி சொன்னதுக்குக் கீழே போகவே கூடாது. 'எல்லாரும் போடறாங்க' என்பது பதில் இல்லை.

ரெண்டு வாங்கத்தான் காசு இருக்கா?

பரவாயில்லை. நாலும் சீப்பா வாங்கறதை விட, ரெண்டு நல்லதா வாங்கறது மேல். மீதி ரெண்டு டயரில் இன்னும் ஆயுள் இருந்தால் மட்டும்!

புது டயர் ரெண்டையும் எங்கே போடணும்? 'இன்ஜின் முன்னாடிதானே, முன்னாடி போடுங்க' என்று பலரும் சொல்வாங்க. டயர் கம்பெனிகள் சொல்வது வேற... புதுசு பின்னாடி! மழையில் முன் டயர் சறுக்கினா, கார் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தா பெரும்பாலும் சமாளிச்சுடலாம். பின் டயர் சறுக்கினா, காரோட பின்பக்கம் சுத்திக்கிட்டு வரும். அதைச் சமாளிக்க ரேஸ் டிரைவராக இருக்கணும். நாம எல்.எல்.ஆர். கேஸ்!

ஸ்டெப்னியையும் எட்டிப் பாருங்க. அதே சைஸ், வயசும் கம்மி, ஓடவே இல்லை என்றால், அதை இறக்கிவிட்டு மூணே டயர் வாங்கலாம். தேய்ஞ்சதில் உருப்படியான ஒண்ணு ஸ்டெப்னி ஆயிடும். ஒரு டயர் காசு மிச்சம்! ஒரே அச்சில் இருக்கும் ரெண்டு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடலா இருக்கணும் என்பது மட்டும் கண்டிஷன். சில கார்களில் ஸ்டெப்னி சைஸ் சின்னதா இருக்கும். அதை நிரந்தரமா மாட்டக் கூடாது.

துக்கடா: 'ஸ்டெப்னி' தமிழ்ச் சொல் இல்லை. 1900-களின் தொடக்கத்தில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த கடையில் பிறந்தது 'ஸ்டெப்னி ஸ்பேர் வீல்'. அப்போ கார்கள் ஸ்பேர் வீல் இல்லாமல்தான் வந்தன. தெருப் பெயர் கம்பெனிப் பெயராகி, நம்ம ஊர் பஞ்சர் கடை வரைக்கும் வந்துடுச்சு!

மாட்டும்போது அங்கேயே நில்லுங்க

டீ குடிக்கப் போயிடாதீங்க. நீங்க பேசிய மாடல், பேசிய வருஷம்தான் மாட்டறாங்களா? மாட்டறதுக்கு முன்னாடி நாலு டயரிலும் நாலு இலக்கத்தைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. வால்வு புதுசா? காத்து, கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவா? வீல் நட்டு எல்லாம் இறுக்கியாச்சா? அலைன்மென்ட் ரிப்போர்ட் பிரின்ட் கைக்கு வந்துச்சா? இவ்வளவும் முடிஞ்ச பிறகு பர்ஸை எடுங்க.

புது டயர் முதல் சில நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் வழுக்கும் என்பதால், அதுவரை நிதானம். வீட்டுக்கு வந்ததும் பில்லை ஆர்.சி. புக்கோடு வைங்க. போனில் ரெண்டு ரிமைண்டர் போடுங்க... ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை காத்து, 8,000 கிலோமீட்டர் ஓடினதும் டயர் இடம் மாத்தல், அலைன்மென்ட்.

மொத்தத்தில் ரெண்டு மணி நேர வேலை. அஞ்சு போன் கால், ஒரு பேப்பர், கொஞ்சம் குனிஞ்சு பார்க்கும் பொறுமை. மிச்சமாகும் ஆயிரமோ ரெண்டாயிரமோ வீட்டுக்குப் பெரிய உதவி. அதை விட முக்கியம், அடுத்த மழையில் அப்பா பிரேக் அடிக்கும்போது கார் நிற்கணும்.

சரி, கிளம்புங்க. வாசல்ல கார் நிக்குதுல்ல? போய்க் குனிஞ்சு, அந்த நாலு இலக்கம் என்னன்னு பாருங்க!